தலைவரிடம் நேரே பேசாத இயக்குநர்

அச்சன்புதூர்,
ஆடி 2.

அன்புள்ள அத்தானுக்கு,

இசக்கிச்செல்வி பணிவுடன் எழுதுவது. நானும் பிள்ளை உமாதேவியும் சுகம். அங்கே எல்லைப் பனியில் நீங்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சாரல் பிடித்து நாலு நாளாகிறது. ஒரு துணி காயவில்லை. உமாவுக்குச் சளி. கஷாயம் போட்டுக் கொடுத்தால் எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பூனைக்கு ஊற்றிவிட்டாள். பூனை அதற்குப் பிறகு நம் பக்கம் வருவதில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே "சரி சரி, அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பீர்கள். உடனே சிக்னலும் போய்விடும். கடிதத்தை நீங்கள் இடையில் மறிக்க முடியாது. இதற்குள் உங்கள் அண்ணன் போன் பண்ணியிருப்பார். அவர் சொன்னது உண்மைதான். நான் சபையில் பேசிவிட்டேன்.

நம் ஊர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்று வந்தபோது, தலைவர் என்ற முறையில் உங்கள் அண்ணன் என் பெயரைக் கொடுத்தார் அல்லவா. நான் பி.காம். படித்ததற்காகத்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் வாய் திறக்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம், அவர் என்னோடு நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. ரசம் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். ஒரு தலைவருக்கு இதைவிடத் தோதான இயக்குநர் எங்கே கிடைப்பாள். நானும் இரண்டு வருஷமாகப் போய், முறுக்கைத் தின்று, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை கூட்டத்தைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வைத்தார். மெயின் அருவியில் நல்ல தண்ணீர். ஆண் இயக்குநர்கள் நாலு பேரும் வந்த உடனே எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற எஸ்.ஐ. சுடலையாண்டி அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் நிலைகொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருந்தார். அந்தக் கோலத்தில் இருக்கும் ஆம்பிளையிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவான். உங்கள் அண்ணனுக்கு அது தெரியாதா என்ன.

மேலாளர் குமரகுரு கூட்டத்தில் நடக்கப்போவதை முந்தின நாளே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். எனக்குக் குளிக்கிற அவசரம் இல்லாததால் அதைப் படித்துப் பார்த்தேன். ஏழாவது தீர்மானத்தில், நம் நெற்களத்தையும் அதையொட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கியையும் உங்கள் மதினியின் தம்பி இசக்கிமணிக்குப் பதினோரு வருஷம் குத்தகைக்கு விடுவதென்றும், அவர் அங்கே கல்யாண மண்டபம் கட்டுவதென்றும் இருந்தது. முன்மொழிந்தவர் யாரென்று பார்த்தால் நான். "பெண்கள் முன்னேற்றத்துக்கு இம்மண்டபம் இன்றியமையாதது என்று அவர் உருக்கமாக எடுத்துரைத்தார்" என்று நாலு வரி வேறு. அத்தான், அவ்வளவு அழகாக நான் ஜென்மத்தில் பேசியதில்லை. படித்தபோது எனக்கே கொஞ்சம் மனம் இளகியது.

அப்புறம் வள்ளித்தாய் ஞாபகம் வந்தது. போன அறுப்பில் களத்தில் இடம் கிடைக்காமல் தார்ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, பைக் மோதி இடுப்பு ஒடிந்துபோனாளே, அவள்தான். இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். களமே இல்லையென்றால் பங்குதாரர் முன்னூறு பேரும் ரோட்டில்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆனால் அவரிடம் நேரே பேசக்கூடாதே. அதனால் குமரகுருவைப் பார்த்து, "தம்பி, இசக்கிமணி தலைவருக்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். தலைவர் மூன்றடி தள்ளித்தான் இருக்கிறார். அவர் மேலே ஃபேனைப் பார்த்து, "மச்சினன்னு ஊருக்கே தெரியும், இதுல என்ன கேள்வின்னு சொல்லும்வே" என்றார். குமரகுரு என் பக்கம் திரும்பி அதையே மரியாதையாகச் சொன்னார். "அப்படின்னா அதை எழுதிக்கிடணும். இந்தத் தீர்மானத்துல தலைவர் கலந்துக்கிடக் கூடாது, சட்டத்துல இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். "சட்டம் பேசுதவளப் பாத்துத் தம்பிக்குக் கெட்டிவச்சேன் பாரு, என் தப்புதான்னு சொல்லும்" என்றார் அவர். இப்படியே ஒரு மணி நேரம். குமரகுருவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. எஸ்.ஐ. அண்ணாச்சி கண்ணில் தாரை தாரையாக நீர். என் பேச்சில்தான் கலங்கிவிட்டார் என்று நினைத்தேன், எண்ணெய் இறங்கியிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து லாட்ஜ்காரர் வந்து, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அறையே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவசரம் போனதும் ஆளுக்கொரு காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். ஏழாவதை ஆர்வத்துடன் வழிமொழிந்தவர் இயக்குநர் மசூது பாய் என்று இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நான் எப்பவே ஆர்வத்துடன் வழிமொழிஞ்சேன்" என்று கேட்டார். கடைசியில், ஆவணி பத்தாம் தேதி பங்குதாரர் எல்லாரையும் கூட்டிக் கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. என் எதிர்ப்பைப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் காலையில் குமரகுரு கழுத்தில் பட்டையோடு வந்தார். என் ராஜினாமாக் கடிதத்தையும் டைப் அடித்தாகிவிட்டது. குடும்பப் பொறுப்புகள் காரணமாக நான் விலகுகிறேனாம். பத்தாம் தேதிக்கு முன்னால் கையெழுத்து வேண்டுமாம். "தம்பி ராஜ் ஒரு வார்த்தை சொன்னாப் போட்டுருவா" என்று உங்கள் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். மதினி அன்றிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுப்பதில்லை. நம் வீட்டுச் சாம்பார் உங்கள் ரெஜிமெண்ட் சாம்பார் மாதிரி ஆகிவிட்டது.

சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மாமா போன பிறகு உங்களைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர். அவரிடம் நீங்கள் முடியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவேன். போட்டுவிட்டு அழுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதை அண்ணனிடம் போனில் சொல்லி அனுப்பாதீர்கள். லீவு கேட்டு, பத்தாம் தேதிக்குள் வாருங்கள். வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் போய்ப் பதினான்கு மாதமாகிறது. இந்த வீட்டில் எல்லாவற்றையும் நானே முன்மொழிந்து நானே வழிமொழிந்துகொண்டிருக்கிறேன் அத்தான். ஒரு கூட்டத்துக்காவது நீங்கள் வந்து எதிரே உட்காரவேண்டும்.

காதை மூடிக்கொண்டு படுங்கள். இசக்கியம்மன் உங்களுக்குத் துணை இருப்பாள்.

உங்கள்
செல்வி