இடது பக்கத் தையல்

பூசணி,

நீ போன பிறகு இந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் ரவிக்கைக்குள் போடும் பாடி கேட்டோமே, நினைவிருக்கிறதா? "யக்கா, உங்க ரெண்டு பேருக்கும் சாக்குலதான் தைக்கணும்" என்றான் கடைக்காரன். "உம் பொண்டாட்டிக்குத் தச்ச சாக்குல மிச்சமிருந்தா குடு தம்பி" என்றாய் நீ. கடையே சிரித்தது. வெளியே வந்து பஸ்ஸு ஏறும்வரை முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தாய்.

பிறகுதான் வீரசோழனில் மிஷின் வைத்துத் தைக்கும் கதீஜா அம்மா கிடைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்து, தோளுக்கு அகலப் பட்டை வைத்து, நம் இருவருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்தார். தோள்வலி இல்லாமல் நாம் பருத்தி எடுத்தது அந்த வருசம்தான்.

சித்திரையில் உனக்கு இடது பக்கம் இறுக்கிப் பிடித்தது. "துணி சுருங்கிப்போச்சுக்கா" என்றாய். தையலைப் பிரித்து அகலமாக்கினோம். ஆடியில் மறுபடியும் பிடித்தது, மறுபடியும் பிரித்தோம். துணியைத்தான் திட்டினோம். மார்பில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பிரித்துவிட அதில் துணி மிச்சமில்லை.

உன் சேலைகளை எல்லாம் வண்ணாத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பாடியை மட்டும் நான் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

நேற்று குளித்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். இடது பக்கம் பிடிக்கிறது. வீட்டில் அவுகளிடம் சொல்லவில்லை. உன்னுடையதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

உனக்கும் முதலில் இப்படித்தான் இருந்ததா, பூசணி?

உன் அக்கா