புத்தகத்தில் பதினெட்டு

14 ஜூன் 2006, புதன்

லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருந்தது. பன்னிரண்டுதான் கிடைத்தது. பெட்ரோலைத் திருடுகிறார் என்று போன மாதம் டிரைவர் பழனிசாமியை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். "டவுனுக்குள்ள அவ்வளவுதானுங்கம்மா" என்றார். நான் அச்சில் இருந்ததை நம்பினேன்.

இன்று டேங்கை நிரப்பிக்கொண்டு, புது டிரைவரோடு நாள் முழுதும் நானே ஊருக்குள் சுற்றினேன். வண்டியை விட்டு இறங்கவேயில்லை. மறுபடி நிரப்பிப் பார்த்தபோதும் பன்னிரண்டுதான்.

நேராக நெருப்பெரிச்சல் கிராமத்தில் இருக்கும் பழனிசாமி வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பன்னிரண்டுதான் தருது, பழனிசாமி."

அவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். "முன் டயர்ல காத்து கம்மியா இருக்குதுங்கம்மா. அடிச்சா கொஞ்சம் கூடுமுங்க."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. "அடிக்கச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.