பத்துப் பேர் தின்ற ஒரே முட்டை

மார்ச் 3, திங்கள்

இன்று காலை பற்பசைக் குழாயை முழுவதும் படித்து முடித்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். கதை ஒன்றும் பெரிதாக இல்லை.

எழுத்து எனக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் எண்கள் மட்டும் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினேன். பதினோரு மாடி. எந்த மாடியில் யார் யாரைத் திட்டுவார்கள் என்பதுவரை தெரியும், கதவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. இப்போது எழுபத்தோரு வயதில் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். மருமகள், "மாமா, மருந்துச் சீட்டையாவது மனசுக்குள்ள படிங்க" என்கிறாள்.

பேத்தி பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு ஊட்டச்சத்து படிக்கிறாள். கடைசி வருஷம். எங்கள் வீட்டில் ரொட்டித் துண்டு தராசில் ஏறி இறங்கித்தான் தட்டுக்கு வரும். நேற்று மருமகளின் அண்ணன் வந்திருந்தார். "சாப்பிடறதுக்கு நாலு வருஷப் படிப்பாம்மா? நான்லாம் எந்தக் காலேஜுக்குப் போனேன்?" என்று கேட்டார். வயிற்றைப் பார்த்தால் முனைவர் பட்டமே வாங்கியவர் மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொண்டேன். எழுதத் தெரிந்தால் இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று யாரும் என்னிடம் முன்பே சொல்லவில்லையே!

மார்ச் 5, புதன்

இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று பேத்தியைக் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு என்ன கொடுக்கலாம் என்று எழுதலாம். தொழிற்சாலையில் டப்பாவின் முதுகில் என்ன அச்சடிக்கலாம் என்று எழுதலாம். பள்ளிக்கூடச் சமையல், விளையாட்டு அணி, உடற்பயிற்சிக் கூடம், ஆராய்ச்சி. மனிதன் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒருத்தர் நோட்டோடு நிற்கலாம் போலிருக்கிறது.

அவளுக்கு வேண்டியது ஆஸ்பத்திரிப் பயிற்சி. மொத்தமே நான்கு இடம். ஆய்வு அறிக்கையில் அறுபது மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். சத்து மாவு விற்கிற கம்பெனி ஒன்று முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டது. வேலையின் பெயர் 'ஊட்டச்சத்து ஆலோசகர்'. வேலை, டப்பா விற்பது. மருமகள் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்காத குறை.

"அம்மா, அது கடை வேலை."

"ஏசி இருக்குல்ல? போ."

மார்ச் 6, வியாழன்

இன்று எங்கள் வகுப்புக்குப் பேத்தி வந்தாள். வகுப்பு நூலகத்தின் பின்னறையில், செவ்வாயும் வியாழனும். பத்துப் பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவளுடைய ஆய்வே எங்களைப் பற்றித்தான். புதிதாக எழுதக் கற்ற முதியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. ஆளுக்கு ஒரு படிவமும் ஓர் உறையும் கொடுத்தாள். மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி, உறையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். பேராசிரியர் முன்னால்தான் பிரிக்க வேண்டுமாம். விதி. தேர்தல் ஓட்டுப்பெட்டிகூட இதனிடம் தோற்றுவிடும்.

பக்கத்தில் இருந்த வாட்ச்மேன் (கிடங்கு ஒன்றில் காவலுக்கு இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள்) படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"லிஃப்ட்டுக்காரரே, எவ்ளோ கட்டம் போட்டிருக்காங்க பாருங்க. இவ்ளோவா ஒருத்தர் திம்பாங்க?"

மார்ச் 9, ஞாயிறு

மூன்று நாளும் எழுதிவிட்டேன். எழுதத் தொடங்கினால் கை நிற்க மாட்டேன் என்கிறது. காலை டீ, ரொட்டி இரண்டு, மருமகள் கொடுத்த முட்டை ஒன்று. மதியம் சோறு, பருப்பு, கீரை. ராத்திரி சூப். இது உண்மை. (கீரை சனிக்கிழமை இல்லை.) ஆப்பிளும் எழுதினேன். வீட்டில் ஆப்பிள் இல்லை. ஆனால் கட்டத்தில் 'பழம்' என்று கேட்டிருந்தது, காலியாக விடுவானேன்? பேத்தி பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வகுப்பில் எனக்கு ராஜ மரியாதை.

என்னைத் தவிர ஒருத்தரும் படிவத்தை எழுதவில்லை. எழுதினால் தப்பாகிவிடும் என்று பயம். டீச்சரும் இன்று வரவில்லை. வாட்ச்மேன்தான் ஆரம்பித்தார். "நீங்கதான் வேகமா எழுதுவீங்க. போர்டுல போடுங்க, நாங்க பார்த்து எழுதிக்கிறோம்." எங்களுக்குப் பாடம் என்றால் அதுதானே? போர்டில் இருப்பதைப் பார்த்து நோட்டில் எழுதுவது. ஒரு புள்ளிகூட விடக் கூடாது.

சாக்பீசை எடுத்து என் மூன்று நாளையும் போர்டில் போட்டேன். ஒன்பது தலைகளும் குனிந்து எழுதின. என்ன அமைதி! தையற்காரம்மா மட்டும் கேட்டார்: "அண்ணே, முட்டைக்கு முன்னாடி என்ன போட்டிருக்கீங்க?"

"மருமகள் கொடுத்தது."

"அதையும் எழுதணுமா?"

"எல்லாத்தையும் எழுதும்மா."

உறைகளை எச்சில் தொட்டு ஒட்டினோம்.

மார்ச் 12, புதன்

பத்து உறையும் வந்துவிட்டது என்று பேத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அடக்கமாக இருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

பேத்தி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள். பேராசிரியரம்மா பத்து உறையையும் பிரித்திருக்கிறார். கணக்குப் போடும் இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பத்துப் பேருக்கும் இடையே வித்தியாசம் பூஜ்யம். ஒரே ரொட்டி, ஒரே கீரை, ஒரே ஆப்பிள். "உன் ஆய்வுல ஒரே ஆள்தான் இருக்கார், கை மட்டும் பத்து" என்றாராம் அந்தம்மா. உட்கார்ந்து இவளே சொல்லி எழுத வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அது நிரூபணமானால் அறிக்கை ரத்து. இந்த வருஷமே போய்விடும்.

"தாத்தா, அந்தக் கிளாஸ்ல என்ன நடந்துச்சு?"

சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருக்கலாம். என்னடா மனுஷன் நான்? எழுத வந்துவிட்டது என்ற கொழுப்பு. வேறென்ன?

மார்ச் 18, செவ்வாய்

வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போனேன். சாட்சிக்கு. பேத்தி வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. அவளும் பின்னாலேயே வந்தாள். ஐந்தாவது மாடி. லிஃப்ட்டில் ஆளே இல்லை, அவரவர் அமுக்கிக்கொள்கிறார்கள். வாட்ச்மேன் கைப்பிடியை விடவே இல்லை.

பேராசிரியரம்மா மெலிந்தவர். மேசையில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஊருக்கெல்லாம் உணவு சொல்பவரின் மதியச் சாப்பாடு அதுதான் போலிருக்கிறது. போர்டு, சாக்பீஸ், ஆப்பிள், எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். அவர் நம்புவதாகத் தெரியவில்லை. வாட்ச்மேனின் படிவத்தை எடுத்தார்.

"மருமகள் கொடுத்த முட்டைன்னு எழுதியிருக்கீங்க. மருமகள் உங்ககூடத்தான் இருக்காங்களா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்கம்மா."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். பேத்தியும்தான். வாட்ச்மேனும் எங்களுக்காகக் கொஞ்சம் சிரித்தார்.

"சரி, போகட்டும். நிஜமா அன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"டீங்க."

"அப்புறம்?"

"சாயங்காலம் இன்னொரு டீ. பன் ஒண்ணு." கொஞ்சம் யோசித்தார். "பன் வெள்ளிக்கிழமைங்க. சனிக்கிழமை இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார்.

ஆறு மாதம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எழுத்துக்கள் ஒல்லியாக இருக்கின்றன என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். மூன்று நாள் அவருக்கு முட்டை ஊட்டியிருக்கிறேன், சாக்பீசால்.

மார்ச் 19, புதன்

பேராசிரியரம்மா மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார். படிவம் கிடையாது. வீடு வீடாகப் போய், எதிரில் உட்கார்ந்து, நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று வாயால் கேட்க வேண்டும்.

முதல் ஆள் நான்.

"ஆப்பிள் எங்க தாத்தா?"

"நீ சந்தோஷப்படுவேன்னு..."

"நான் சந்தோஷப்படறதுக்கு இந்தப் படிப்புப் படிக்கல."

ஒரு கரண்டி சோற்றை நாலு தடவை அளக்க வைத்தாள். பழி வாங்குகிறாள். வாங்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

பேத்தி சொல்லச் சொல்லக் கேட்டேன். பத்துப் பேரில் நான்கு பேர் ராத்திரி சாப்பிடுவதே இல்லை. தையற்காரம்மா வீட்டில் எல்லாம் நிறைய இருக்கிறது, பல்தான் இல்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்குகிறார், மகனுக்குத் தெரியாது. தச்சர் எதையும் மறைக்கவில்லை, அவருக்குச் சமைக்கத் தெரியாது, அவ்வளவுதான். மனைவி போன பிறகு அடுப்பு எரிந்தால் அது சுடுதண்ணீருக்கு. வாட்ச்மேன் வீட்டில் ஒரு டம்ளர், ஒரு தட்டு. தட்டில் காலண்டர்த் தாள் விரித்துப் பேனா வைத்திருக்கிறார்.

என் போர்டில் இதெல்லாம் இல்லை. என் போர்டில் எல்லாரும் கீரை தின்றார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

ஐம்பத்தெட்டு.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. அறிக்கை நன்றாக இருக்கிறதாம். ஆனால் முதல் முறை வீணானதற்கும் தாமதத்துக்கும் குறைத்துவிட்டார்கள். விதி. ஆஸ்பத்திரிக் கதவு இரண்டே மதிப்பெண்ணில் மூடிவிட்டது. அந்த இரண்டும் நான் தின்றது. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

மருமகள் மாவுக் கம்பெனிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். முந்தானையால் அதைத் துடைத்தும் வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மே 5, திங்கள்

பேத்தி வேலையில் சேர்ந்தாள். கழுத்தில் அட்டை, வெள்ளைக் கோட்டு. டாக்டர் என்று நினைத்து எதிர் வீட்டுக்காரர் முதுகு வலியைச் சொன்னார். கோட்டு எதற்கு என்று கேட்டேன். "நம்பறதுக்கு" என்றாள்.

மே 17, சனி

பெரிய கடை ஒன்றின் வாசலில் பேத்தியின் மேசை. பார்க்கப் போனேன். சத்தியமாகப் பார்க்கத்தான் போனேன்.

மேசை மேல் டப்பாக்கள் கோபுரமாக இருந்தன. 'முதியோருக்கு முழு பலம்' என்று பெரிய எழுத்து. என் வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு நின்று விலையை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு டப்பாவை எடுத்தேன். கையில் எழுத்து கிடைத்தால் நான் என்ன செய்வேன்? படித்தேன். முதுகுப் பக்கத்தை. எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும்.

"சே...ர்க்...கப்...பட்டவை. சர்க்கரை."

அந்தப் பெரியவர் திரும்பினார். "முதல்ல சர்க்கரையா போட்டிருக்கு? எனக்குச் சர்க்கரை வியாதியாச்சே."

"எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க" என்றேன். பேத்தி வீட்டில் சொல்லிக் கொடுத்தது. வேறு இரண்டு பேர் நின்றார்கள். கம்பெனி மேலாளர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார். "பெரியவரே, டப்பாவை வச்சிடுங்க. மேடம், இவர் யாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானே கண்ணால் அப்படித்தான் சைகை காட்டினேன்.

"எங்க தாத்தா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா படிங்க தாத்தா, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

மே 18, ஞாயிறு

வேலை போய்விட்டது. மருமகள் என்னோடு பேசுவதில்லை. மகன் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறான். வெளிப்பக்கம் முழுவதையும் நான் படித்து முடித்துவிட்டேன், அவன் இன்னும் திருப்பவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பேராசிரியரம்மா போன் செய்தார். பேத்தியின் அறிக்கையை நகராட்சிக்கு அனுப்பியிருந்தாராம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கூடம் திறக்கப் போகிறார்கள். என்ன சமைப்பது, யாருக்கு எப்படி என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம். சம்பளம் மாவுக் கம்பெனியில் பாதி.

மருமகளின் அண்ணன், "ஓசிச் சாப்பாட்டுக்கு ஒரு அதிகாரியா?" என்றார். பேத்தி அவருடைய இடுப்பளவை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கிளம்பிவிட்டார்.

மருமகள் அதற்குச் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 14, திங்கள்

கூடம் திறந்தது. முப்பத்தாறு பேர். பல் இல்லாதவர்களுக்கு மசித்தது தனி, சர்க்கரைக்காரர்களுக்குத் தனி. பேத்திக்கு வெள்ளைக் கோட்டு இல்லை, ஈரமான ஏப்ரன்.

எனக்கு அங்கே சாப்பாடு கிடையாதாம். "உங்களுக்கு வீட்ல மருமகள் இருக்காங்க தாத்தா" என்றாள். வாட்ச்மேன் வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். பொய். வாங்கித் தின்ன வெட்கம்.

ஜூலை 16, புதன்

காலையிலேயே வாட்ச்மேன் வீட்டுக்குப் போனேன். "கூடத்துக்குக் காவலுக்கு ஆள் இல்லையாம், நீங்க வந்து வாசலைப் பாருங்க" என்றேன். பழைய காக்கிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் வாசலை முறைத்தார். சூப்பைத் திருட யாரும் வரவில்லை. பேத்தி தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வேலை செய்கிற இடத்தில் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று அவரே எனக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் வாயிலேயே, "உப்பு இல்ல" என்றார்.

பேத்தி முகம் சுருங்கிவிட்டது. "உங்க வயசுக்கு அவ்வளவுதான் போடணும் தாத்தா. நாலு வருஷம் படிச்சிருக்கேன்."

"அப்போ அஞ்சாவது வருஷம் உப்பு பத்திச் சொல்வாங்களோ என்னவோ."

மூன்றாவது தடவை தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, உப்பு இல்லை என்று மறுபடியும் சொன்னார்.