கையெழுத்துப் போடாத படிவம்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன், இந்த வருடத்தில் இரண்டாவது. விவேக் நகர் நிறுத்தத்தில் பஸ் வரவேயில்லை. முதல் பீரியடுக்குத் தாமதம். யாரும் கேட்கவில்லை. கெஸ்ட் லெக்சரர் தாமதமாக வந்தால் கேட்க மாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியவை: இரண்டாம் ஆண்டு டெஸ்ட் பேப்பர். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, கே.ஜி.எஃப். வீட்டுக்கு அனுப்ப. குளியலறைக் குழாய்.

மதியம் கௌதம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. புதன்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவன்.

இந்த நோட்டில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை எழுதியதில்லை. பயம். இன்று எழுதிவிடுகிறேன். எங்கள் புள்ளியியல் லேபுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் ரூம். புதன் மூன்றரை மணிக்கு ஏழு பேர் கூடுவார்கள். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், பிறந்தபோது எழுதிவைத்த பாலினத்தில் இருக்க முடியாதவர்கள். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்வார்கள். பாதி நேரம் எக் பஃப்ஸ் தின்றுகொண்டு சிரிப்பார்கள். சாவி கொடுப்பது நான். கடைசிப் பதினைந்து நிமிடம் போய் உட்காருவதும் உண்டு. நல்ல மேம், புரிந்துகொள்ளும் மேம். என்னைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது.

கௌதம் கையில் ஒரு படிவம். நிர்வாகத்தின் புது விதியாம். ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராகக் கையெழுத்துப் போடாத எந்தக் குழுவுக்கும் இனி அறை இல்லை.

"நீங்கதான் ஏற்கெனவே சாவி தர்றீங்க மேம். அதையே பேப்பர்ல கேக்கறாங்க, அவ்ளோதான்."

"யோசிச்சு சொல்றேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள மேம்."

படிவத்தைப் பையில் வைத்தேன். டெஸ்ட் பேப்பர் போடவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில், மறுபடி மழை. ஒரே நாளில் இரண்டும்.

கூட்டத்துக்கு ஒரு முதலாண்டுப் பெண் வந்திருந்தாள். அழுதுகொண்டே இருந்தாள். பிரவீன் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அழுதுட்டு பஃப்ஸ் சாப்பிடு. மொத நாள் எல்லாரும் அழுதிருக்கோம். கௌதம் அண்ணா மட்டும் ரெண்டு நாள் அழுதாரு." அவள் சிரித்துவிட்டாள். மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டு.

பிரவீன் என் வகுப்புதான், இரண்டாம் ஆண்டு. நீலசந்திரா வீடு. அம்மா அபார்ட்மெண்டுகளில் வேலை, அண்ணன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில். வருகைப் பதிவேட்டில் பவித்ரா. காலையில் நான் பவித்ரா என்று கூப்பிட, "பிரசெண்ட் மேம்" என்று சொல்கிறவன், மூன்றரைக்கு பிரவீன். போன வருடம் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த நாள் நான் இருந்தேன். மூன்று பெயர் எழுதி வந்தான். ஒவ்வொன்றையும் அறையின் அந்தக் கோடியிலிருந்து எல்லோரும் கூப்பிட, இந்தக் கோடியில் முதுகைக் காட்டி நின்று கேட்டான். மூன்றாவதுக்குத் திரும்பினான்.

இவர்கள் அறையைக் கேட்பது இதற்குத்தான். ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிட நாலு சுவர்.

நாளை கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நவநாள் கூட்டம், சர்ச் வழியாக நடக்கவே முடியவில்லை. மெழுகுவத்தி வாடை சேலையெல்லாம்.

துறைத் தலைவர் கூப்பிட்டார். எப்படித் தெரிந்ததோ. கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஷீலா, உங்க காண்ட்ராக்ட் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நல்லா பாடம் நடத்தறீங்க, நானே எழுதியிருக்கேன்."

"தேங்க்ஸ் மேடம்."

"நோடி, பாருங்க, உங்க நல்லதுக்குதான் சொல்றேன். அந்தப் பசங்கமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா நீங்க முப்பத்தி ரெண்டு வயசு, கல்யாணம் ஆகல. நீங்க போயி அதுல கையெழுத்து போட்டா, ஏன் போட்டாங்கன்னு ஜனங்க கேப்பாங்க இல்லையா?"

மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அம்மா போன். ஆம்பூர் பக்கம் ஒரு வரன், ரயில்வேயில். "போட்டோ மட்டும் பாரேன்டி, பார்த்தா இன்னா குறைஞ்சிடப்போவுது." அனுப்பு என்றேன். எம்.எஸ்சி. படித்தபோது விஜியும் நானும் ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொள்கிறாள், அந்த மாதிரி சிநேகிதி கிடைக்க மாட்டாள் என்று. கிடைக்க மாட்டாள்தான். விஜி இப்போது ஓசூரில். இரண்டு குழந்தைகள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாலு மணிக்கு கௌதம் ஸ்டாஃப் ரூம் வாசலில் காத்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. லேப் வழியாகப் பின்படியில் இறங்கி வெளியேறினேன். ஒரு மாணவனுக்குப் பயந்து படி இறங்கி ஓடுகிற டீச்சர். படிவம் பையிலேயே.

ஆகஸ்ட் 25, திங்கள்

சொல்லிவிட்டேன். வராந்தாவில், நாலு பேர் போய்க்கொண்டிருந்த நேரம். விளக்கம் கேட்க முடியாத இடமாகப் பார்த்து.

"இந்த செமஸ்டர் வேண்டாம் கௌதம். அடுத்த செமஸ்டர் பார்க்கலாம். வேற யாராவது…"

"சரி மேம்."

படிவத்தை வாங்கி நாலாக மடித்தான். கோபப்படவில்லை. "பரவாயில்ல மேம், நாங்க பாத்துக்கறோம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். கோபப்பட்டிருக்கலாம்.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி, லீவு. தெருவில் காலையிலிருந்து தமட்டைச் சத்தம். கூட்டம் எப்படியும் இருக்காது என்பதில் ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி. துணி துவைத்தேன். பேப்பர் திருத்தினேன். பிரவீன் 41/50.

செப்டம்பர் 3, புதன்

ஸ்டோர் ரூமில் புதுப் பூட்டு. என் சாவி அதற்குச் சேரவில்லை. வாட்ச்மேன் தொலைவிலிருந்தே கை ஆட்டிக் கன்னடத்தில் சொன்னார், "பீகா ஹாகிதாரெ மேடம், ஆஃபீஸ் ஆர்டர்." பூட்டிவிட்டார்கள் என்று எனக்கே சொல்கிறார்.

எட்டுப் பேரும் வராந்தாவில். முதலாண்டுப் பெண் பஃப்ஸ் பொட்டலத்தோடு. முதல் முறையாக அவள் வாங்கிவந்திருக்கிறாள். பிரவீன்தான் சொன்னான், "கேண்டீன் பின்னாடி கல் பெஞ்ச் இருக்கு. மழ இல்ல. வாங்க." போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பெஞ்சுகள் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

நாளை லீவென்பதால் ஆசிரியர் தினம் இன்றே. வகுப்பில் கேக். கலர் பேப்பர் ஒட்டிய மைக். எல்லோரும் போன பிறகு பிரவீன் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தான். அவனே வரைந்த ஒரு மணி வளைவு, புள்ளியியலில் நான் நடத்தும் பாடம். கீழே பேனாவால் 'அன்புடன், பிரவீன்'.

"மொத தடவ பேப்பர்ல எழுதறேன் மேம். பாருங்க, 'பிர' கோணலா இருக்கு."

நன்றாக இருக்கிறது என்றேன். அட்டையை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பீரோவுக்கு ஒரு சாவிதான், அது என்னிடம்தான். இருந்தும் அடியில்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். அம்மா போனில் திருப்பலிக்குப் போனாயா என்றாள். போனேன் என்றேன். போகவில்லை.

யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை, கேண்டீன் பின்புறம். சில விநாடிகள்தான். "பிரவீன்!" என்று யாரோ கூப்பிட அவன் திரும்பிச் சிரிக்கிறான். வேறு ஒன்றுமில்லை. அடியில் எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். மூன்று வகுப்புக் குழுக்களில் சுற்றிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் தன் போனை இன்னொருவரிடம் நீட்டி, "இது உங்க ஸ்டூடண்ட்தானே ஷீலா?" என்றார். ஆமாம் என்றேன். "பாவம், வீட்ல தெரியுமா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிரவீன் இன்று வந்திருந்தான். கடைசி வரிசை. "பவித்ரா" என்று கூப்பிட்டபோது பின்னாலிருந்து யாரோ, "மேம், தப்பா கூப்புடறீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. போர்டுக்குத் திரும்பி நின்று எழுத ஆரம்பித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வரவில்லை. பிரவீன் போன் அணைந்திருக்கிறதாம். வீடியோ அண்ணனுக்குப் போய்விட்டது, ஷிஃப்டில் கூட வேலை செய்பவன் காட்டியிருக்கிறான் என்று கௌதம் சொன்னான். "நீலசந்திரா போயி பாத்துட்டு வரட்டுமா மேம்?"

போகாதே என்றேன். போனால் உன்னையும் அடிப்பார்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் போகலாமா என்று அவன் கேட்டபோது, 'நானும் வருகிறேன்' என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு ஆஃபீசிலிருந்து ஆள் வந்தான். இரண்டாம் ஆண்டு பவித்ரா டி.சி. வாங்குகிறாள், உங்கள் பேப்பரில் பாக்கி ஏதும் இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றான். போனேன்.

கவுண்டர் முன்னால் மூன்று பேர். அண்ணன், சட்டைப் பையில் இரண்டு போன், ஒன்று பிரவீனுடையது. அம்மா, வேலைக்குப் போகிற பையோடு. நடுவில் அவன். பச்சைச் சுடிதார், துப்பட்டாவைத் தோளில் ஊக்கு குத்தியிருந்தார்கள். இடது கண்ணுக்குக் கீழே வீக்கம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என்னிடம் வந்தார். "நீங்கதான் கணக்கு டீச்சராம்மா? உங்கள பத்தி சொல்லிகினே இருக்கும். நல்லா படிச்சிதாம்மா?"

வாய் திறந்தேன். "பவித்ரா ரொம்ப நல்லா படிப்பா."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னாம்மா பண்றது," என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ராவெல்லாம் என் கைய புடிச்சிகினு அழுவுது. அவங்க அண்ணன் ஒத்துக்க மாட்டேன்றான். வந்தவாசில என் தம்பி வூடு இருக்குது. கொஞ்ச நாள் அங்க இருந்தா சரியா பூடும்னு சொல்றாங்கோ."

கிளார்க் தாளை நீட்டினார். "ஸ்டூடண்ட் சைன்."

பத்தொன்பது வயது. அவன் கையெழுத்துப் போடாவிட்டால் டி.சி. கிடையாது. எனக்குத் தெரியும். கிளார்க்குக்குத் தெரியும். 'வேண்டாமென்றால் போடாதே' என்று ஒரே ஒரு வாக்கியம். நான் ஆசிரியை, அது என் கல்லூரி, அண்ணன் அங்கே கை ஓங்கியிருக்க முடியாது. பிரவீன் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான். கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே காத்திருந்தான்.

பிறகு போட்டான். "தேங்க்ஸ் மேம்" என்றான். எதற்கு?

பாக்கி ஏதுமில்லை என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். இந்த மாதத்தில் நான் போட்ட ஒரே கையெழுத்து.

செப்டம்பர் 12, வெள்ளி

லீவு சொன்னேன். ஜுரம் என்று. நாள் முழுக்கப் படுக்கை. சோறு வைக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காண்ட்ராக்ட் புதுப்பித்தாகிவிட்டது. துறைத் தலைவர் கைகுலுக்கினார். "பாத்தீங்களா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சது." முடிந்தது.

புதன்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டார்களாம். முதலாண்டுப் பெண் என்னைப் பார்த்தால் வேறு வழியில் போகிறாள். ஆம்பூர்க்காரர்கள் வருகிற ஞாயிறு வரட்டுமா என்று அம்மா கேட்டதற்கு வரட்டும் என்றிருக்கிறேன். எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மழை. மூன்றரை மணி. லேபில் தனியாக இருந்தேன். கௌதம் வந்தான், அவனுடைய ப்ராஜெக்ட் ஃபைல் ஒன்று அங்கே இருந்ததாம். எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"பிரவீன்?" என்றேன்.

"தெரியல மேம். வந்தவாசி நம்பர் கெடைக்கல. அவங்க அம்மா வேல செய்யற அபார்ட்மெண்ட் வாசல்ல நின்னு கேட்டேன். கல்யாணம் பேசறாங்கன்னு சொல்லிட்டு அழுதாங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். அப்போது சொன்னேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை, ஒரு உயிரிடம்.

"கௌதம், நானும் உங்கள மாதிரிதான்."

அவன் ஆச்சரியப்படவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"தெரியும் மேம். போன வருஷமே பிரவீன் கண்டுபிடிச்சிட்டான். அதனாலதான் வேற எந்த டீச்சர்கிட்டயும் கையெழுத்து கேக்கல."

"யாரும் என்கிட்ட…"

"நீங்களே சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு பிரவீன்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினான். வெளிய ஒரு பேச்சு வரக் கூடாது, மேம் வேல போயிடும்னு."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

ஒரு வருடம். ஏழு பேர். ஒருவர்கூட வாய் தவறவில்லை.