நைனாவுக்கு அம்மாவின் படம்

நொச்சிக்குப்பம்,
3-4-1934

அன்புள்ள நைனா,

நாளை பள்ளியில் எனக்குச் சித்திரப் பரீட்சை. ஒரு வாரமாகப் பென்சிலைத் தொட்டாலே பயமாக இருந்தது. நேற்று வரைந்த குடம்கூடக் கோணலாகிவிட்டது.

இன்று காலை அம்மா மீன் விற்கும் இடத்துக்குப் போய் அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? என்னை வரை, பாக்கலாம்" என்றாள். வியாபாரத்துக்கு நடுவே அவள் ஒரு நிமிஷம்கூட அசையாமல் இருக்கவில்லை. அவளைப் பிடித்து வரைவதிலேயே எனக்குப் பயப்பட நேரமில்லாமல் போயிற்று. முடித்தபோது ஒரு கோடுகூடக் கோணலாகவில்லை.

படத்தை அம்மா வெகுநேரம் பார்த்தாள். நீங்கள் ரங்கூன் போன இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் பேச்சை எடுத்தாள். "உன் நைனாவுக்கு அனுப்பு. நான் நல்லாத்தான் கீறேன்னு பாக்கட்டும்."

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாளை நன்றாகவே வரைவேன். பதிலை அம்மா பேருக்குப் போடுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உங்கள் மகள்