கனிமொழி ஒத்துக்கொண்ட பிழை

சேவூர்
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது. அப்பா, தம்பி குணா, நான் எல்லோரும் நல்ல சுகம். ஜெர்மனிக் குளிரில் உனக்குச் சளி இருமல் ஒன்றும் அண்டாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் கடிதம்.

உனக்கு விருது என்று பேப்பரில் வந்ததிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், டீ போட்டு மாளவில்லை. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஆரணி பஸ் நிலையத்தில் உன் படத்தோடு பேனர் கட்டினார்கள், பின்னால் ஏனோ ஒரு ராக்கெட் பறக்கிறது. அப்பா அதையும் நாலு பேரைக் கூட்டிப்போய்க் காட்டினார். வெள்ளிக்கிழமை நீ படித்த பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. நீ செய்கிற இயற்கணித வடிவியலைப் பற்றிக் கணக்கு டீச்சர் புஷ்பலதா பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்: ஒரு சமன்பாட்டுக்குள் ஒரு வடிவம் இருக்கும், கண்ணால் பார்க்கவே முடியாத வடிவத்தைக்கூட அந்தச் சமன்பாட்டை வைத்தே கனிமொழி அறிந்துகொள்வாள் என்று. எனக்குப் பாதிதான் புரிந்தது, பெருமை மட்டும் முழுசாக வந்தது. பிறகு தலைமையாசிரியர் ஹேமநாத் சார் எழுந்து, சென்னையில் நீ வாங்கிய தங்க மெடல், ஜெர்மனியில் வாங்கிய டாக்டர் பட்டம், பேராசிரியர் பதவி, உலக மாநாட்டில் பேச வந்த அழைப்பு எல்லாம் சொல்லி, "கனிமொழி இதுவரைக்கும் ஒரு கணக்குகூட தப்பா போட்டதில்ல" என்று முடித்தார். ஒரே கைதட்டல். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னைப் பேசச் சொன்னதும், "சார் கோச்சிக்காதீங்க, எம் பொண்ணு தப்பு போட்டிருக்கா" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் புகழ்ந்த உன் பெரிய கட்டுரையில் ஓட்டை இருப்பதை வேறு யாரும் கவனிக்காதபோது நீயே கண்டுபிடித்து, அது சரியில்லை என்று எல்லோருக்கும் எழுதினாயே, அதைச் சொன்னேன். அதனால் அப்போது வரவிருந்த வேலை கைநழுவியதையும் சொன்னேன். பேசாமல் இருந்திருக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "அத நம்பி எத்தினி பேரு மேல மேல கணக்கு கட்டிகினு இருக்காங்க, எப்படிப்பா பேசாம இருக்கறது" என்று நீ கேட்டதையும், அப்புறம் வருஷக்கணக்காகப் போராடி அதையே வேறு வழியில் நிரூபித்ததையும், அதற்குத்தான் இந்த விருது என்பதையும் சொல்லி உட்கார்ந்தேன்.

புஷ்பலதா டீச்சர் மைக்கை வாங்கி, "தப்பு போட்டவங்கல்லாம் கையத் தூக்குங்க, பாக்கலாம்" என்றார்கள். ஒரு பிள்ளையும் தூக்கவில்லை. அப்போது ஹேமநாத் சார் எழுந்து, "நான் இப்பதாம்மா ஒண்ணு போட்டேன்" என்று கையைத் தூக்கினார் பார், கூடம் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கினார்கள். கடைசி வரிசையில் உன் அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றார்.

விருது வாங்க மேடை ஏறும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதே, பசி வந்தால் உனக்குத் தலை சுற்றும். நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு கண்ணு.

உன்னைப் பெற்றவள்,
கன்னியம்மா