பெயரிடாப் பிள்ளை கூப்பிட்ட முதற்சொல்

மங்கலம் பெருகுக. மூன்று பக்கமும் கடல் காவல் நிற்கும் திரைமாலை நாடுடைய செழுந்தாரைக் கோவின் திருமுன், அவருக்கு மூத்தவரும் பனிவாய் மலைநாட்டை ஆள்பவருமான நீலப்பிராட்டியார் விடுக்கும் ஓலை. பிராட்டியார் சொல்லச் சொல்ல எழுதுபவன் ஓலைநாயகம் நக்கன் ஊரன். அரசர்தம் வயல் விளைக; யானைகள் கொழுக்க; கோபம் தணிக.

மனிதனுக்கு மொழி எங்கிருந்து வந்தது என்று அரசர் அவையில் மூன்று புலவர்கள் முட்டிக்கொண்டது நாடறிந்த கதை. பறவையும் விலங்கும் கத்தியதைக் கேட்டுக் கற்றான் என்றார் ஒருவர். நோவிலும் களிப்பிலும் தானாக எழுந்த கூச்சலே சொல்லாயிற்று என்றார் மற்றவர். பலர் கூடிப் படகு தள்ளுகையில் மூச்சோடு வந்த ஓசையே மூலம் என்றார் மூன்றாமவர். எதுவானாலும் முதலில் பிறந்தது தம் நாட்டு மொழிதான் என்று அரசர் மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தார். அதை மெய்ப்பிக்கவே, தாய் தந்தையற்ற கைக்குழந்தை ஒன்றைத் தமக்கையிடம் அனுப்பி, மனிதக் குரலே கேளாமல் வளர்க்கச் சொன்னார். வாய் திறந்தவர் நாவை அறுக்கவும் விதித்தார்.

பனிவாய் ஏரியின் நடுவே, பகலெல்லாம் மூடுபனி மிதக்கும் தீவில், அந்த வீடு எழுந்தது. மாட்டின் கழுத்துமணியை அவிழ்த்தார்கள். வாய் பேசாமல் கவண் எறிந்து குருவிகளைத் துரத்த நான்கு பேர். அடடா, அந்தக் கூத்தை என்னவென்று எழுதுவது! மழையை மட்டும் யாராலும் அடக்க முடியவில்லை. பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தம்பி கேட்டாரே என்று இதற்கெல்லாம் தலையாட்டிய தம்மைப் பிராட்டியார் இன்று நொந்துகொள்கிறார்.

பிள்ளையை வளர்த்த செவிலி வேம்பி, மூன்றாண்டு ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் சோறு ஊட்டும்போதெல்லாம் பிள்ளை வாய் திறப்பதற்காகத் தன் வாயையும் திறப்பாள். சென்ற மாதம் ஒருநாள், திறந்த வாயிலிருந்து மூச்சோடு மூச்சாக ‘ஆ’ என்று ஓர் ஓசை வந்துவிட்டது. அரசர் வைத்த காவலன் அதைக் கேட்டான். பிராட்டியார் முன் நடந்த விசாரணையில் வேம்பி அழவில்லை. “பிள்ளைக்கு ஊட்டுறப்போ எவ வாய்தான் தாயே மூடியிருக்கும்?” என்று மட்டும் கேட்டாள். ஆயினும் காவலர் அவளைப் படகில் ஏற்றி அரசர்தம் சிறைக்குக் கொண்டுபோயினர். வரும் பௌர்ணமியன்று நாவறுப்பு என்று ஓலையும் வந்தது.

படகு பனிக்குள் கரையும்வரை பிள்ளை துறையில் நின்று பார்த்தான். பிறகு நீரை நோக்கி, “யேவோ” என்றான்.

செய்தி கேட்டு மூன்று புலவர்களும் ஓடோடி வந்தார்கள். மயில் அகவல் என்றார் ஒருவர்; இல்லை, அழுகை என்றார் அடுத்தவர்; துடுப்புப் போடுவோர் கூவல் என்றார் மூன்றாமவர். அரசர் தனியே அனுப்பிய வேறோர் அவைப்புலவரோ, இது திரைமாலை மொழியின் சிதைவு என்று சத்தியமே செய்தார். பிராட்டியார் அவர்களை வாதாட விட்டுவிட்டுப் பதினோரு நாள் பிள்ளையோடு துறையில் அமர்ந்திருந்தார். பசித்தபோது அவன் அச்சொல்லைச் சொல்லவில்லை. கால் இடறி விழுந்து அழுதபோதும் சொல்லவில்லை. படகு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே எட்டிப் பார்ப்பான், அவள் இல்லையென்றால் மறுபடி நீரைப் பார்த்து, “யேவோ.”

அது எந்த நாட்டுச் சொல்லும் அன்று; வேம்பிக்கு அவன் வைத்த பெயர் என்று பிராட்டியார் கண்டார். அருகிலேயே இருந்தவரை அவளுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. போனவளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது, சொல் பிறந்தது.

ஆகவே ஓலை. வேம்பியைப் பௌர்ணமிக்கு முன் சிறைவாயிலுக்குக் கொண்டுவருக. பிள்ளை கூப்பிடுவான், அவள் பதில் குரல் கொடுப்பாள், அரசர் அருகில் நின்று கேட்க. கேட்ட பிறகும் அந்த நாவை அறுக்க மனம் வருமாயின், கத்தியை அரசர் தம் கையாலேயே எடுக்க. ஏவலர் எவரும் தொடலாகாது. அரசர்க்கு ஆணையிடும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை. தம்பிக்கு அக்காள் இடலாம்.

இப்படிக்கு நீலப்பிராட்டியார் சொல்ல எழுதி, மலைமுகட்டு முத்திரை வைத்தது. ஓலை கொண்டுவரும் தூதனின் பல்லக்கிலேயே பிள்ளையும் வருகிறான். இதைப் படித்து முடிக்கையில் வெளியே ஒரு குரல் கேட்கும். கதவைத் திறக்க.